நகத்தில் வெள்ளைப் புள்ளியா? கால்சியம் மாத்திரை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

'நகத்துல வெள்ளையா புள்ளி விழுந்திருக்கே, உடம்புல கால்சியம் கம்மி' என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். சின்ன வயசில் அதே புள்ளிகளை எண்ணி, 'புது டிரஸ் வரப்போகுது' என்று காத்திருந்தவர்களும் உண்டு. இரண்டுக்குமே ஆதாரம் கிடையாது.

பார்க்க நகம் கிளிஞ்சல் ஓடு மாதிரி கெட்டியாக, வெளிர் பளபளப்போடு இருக்கிறது. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சிப்பி, சங்கு, சோழி ஆகியவற்றின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது அதனால்தான். நகமோ கெரட்டின் என்னும் புரதம். முடியும் மாட்டுக் கொம்பும் இதே ரகம். அதில் இருக்கும் கால்சியம் ரொம்பச் சொற்பம்.

வளரும் விதமும் நேர் எதிர். சிப்பி தன் ஓட்டின் விளிம்பில் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும். உச்சிப் பகுதிதான் அதில் பழையது. நகத்தில் நுனி பழசு, அடி புதுசு. தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் நகவேரில்தான் அது உருவாகிறது. கட்டைவிரலில் தெரியும் வெள்ளைப் பிறை, அந்த வேரின் வெளியே தெரியும் பகுதி. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அதனால் கதவிடுக்கில் விரல் நசுங்கி வேரில் பட்ட அடி, சில வாரம் கழித்தே வெள்ளைப் புள்ளியாக வெளியே வரும். அதற்குள் அடிபட்டதே உங்களுக்கு மறந்திருக்கும்! புள்ளி மெல்ல நுனிக்கு நகர்ந்து போய்விடும், மாத்திரை தேவையில்லை.

நகத்துக்கும் கடலுக்கும் மொழியில் ஒரு நிஜமான உறவு உண்டு. கடல் நத்தை உள்ளே போனதும் வாயை அடைத்துக்கொள்ளும் மூடி, நகம் போலவே இருக்கும். அதை நறுமணப் பொருளாகப் பயன்படுத்தியபோது வடமொழியில் வைத்த பெயரே 'நகம்'தான்.

சரி, நகத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? முதலில் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல், அதாவது கியூட்டிக்கிள். பார்லரில் 'அழுக்கு' மாதிரி வெட்டி எடுப்பது அதைத்தான். கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பதே அதுதான். வெட்டினாலோ கடித்தாலோ நகச்சுற்று வரும். வலியும் சீழும் வந்தால் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். குறிப்பாகச் சர்க்கரை நோய் இருந்தால்.

நகம் கரண்டி போலக் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்பதால், இதை அலட்சியம் செய்ய முடியாது. விரல் நுனி உருண்டு வீங்கி, நகம் வளைந்து கவிழ்ந்தால் நுரையீரலையோ இதயத்தையோ பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

கறுப்புக் கோடு கொஞ்சம் சிக்கலானது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பல விரல்களில் நீளவாக்கில் கோடு இருப்பது பெரும்பாலும் சாதாரணம். ஆனால் ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு பக்கத்துத் தோலுக்கும் பரவினாலோ உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள். அபூர்வம்தான், ஆனாலும் அது புற்றுநோயாக இருக்கலாம். போகும்போது நெயில் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள்.