பெரியாற்றுக் கழிமுகமும் எழுவாய் இல்லாத மீன் சாவுகளும்

புறநானூற்றின் 343ஆம் பாட்டு முசிறியைச் சொல்லும்போது மீனில் தொடங்குகிறது. மீன் விற்றுப் பெற்ற நெல் குவிந்து கிடக்கிறது. மிளகு மூட்டைகளும், கழித்தோணியில் கரைசேரும் பொன்னும் அதற்குப் பின்னரே வருகின்றன. மிளகையும் பொன்னையும் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அதே பெரியாற்றின் மீனைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

1341ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சி அழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது மரபுச் செய்தி. இன்று பெரியாற்றின் ஒரு கிளை ஏலூர், வராப்புழை வழியாக வந்து, மட்டாஞ்சேரியை எதிர்கொள்ளும் உப்பங்கழியில் கலக்கிறது. ஏலூரில் 1943இல் நிறுவப்பட்ட 'ஃபாக்ட்' உர நிறுவனம் 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஏலூர், எடையாறு கரைகளில் வேதிப்பொருள், பூச்சிக்கொல்லி, துத்தநாகத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. உப்புநீர் மேலேறாதிருக்கப் பாதாளம் என்னும் இடத்தில் தடுப்பணை கட்டினர். உப்பைத் தடுத்த அணை ஓட்டத்தையும் தடுத்தது. கழிவு அதன் பின்னே படிந்தது.

2024 மே 20 இரவு, மழையையொட்டி அணையின் மதகுகள் திறக்கப்பட்டபின், வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர் வரை மீன்கள் கூட்டமாக மடிந்தன. கூண்டுகளில் கரிமீனும் கொடுவாவும் வளர்த்தோர் பேரிழப்புக்கு ஆளாயினர். ஆற்று மீன் நஞ்சு நீரை விட்டு விலகி ஓடலாம். கூண்டு மீனுக்கு அந்த வழி இல்லை.

காரணம் குறித்து இரு விளக்கங்கள் எழுந்தன. கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகம் நீரில் அமோனியாவும் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகக் கூறியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உயிர்வளிக் குறைவைச் சுட்டியது. உண்மையில் இவை எதிரெதிர் விளக்கங்கள் அல்ல. உயிர்வளியற்ற சேற்றில் கரிமக்கழிவு அழுகும்போது அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் உருவாகும். அமோனியா செவுள்களைச் சிதைக்கும். சல்பைடு உயிரணுக்களின் சுவாசத்தையே நிறுத்தும். ஆகவே கேட்க வேண்டியது, அந்தச் சேற்றில் இத்தனை ஆண்டுகள் எதைப் படியவிட்டோம் என்பதே.

மலையாள நாளிதழ்கள் இத்தகைய நிகழ்வுகளைச் 'சத்துபொங்கி' என்றும், தமிழ் நாளிதழ்கள் 'செத்து மிதந்தன' என்றும் எழுதுகின்றன. இரண்டும் தன்வினைகள், கொன்றது யார் என்ற கேள்விக்கு அத்தொடர்களில் இடமில்லை. 'உயிர்வளிக் குறைவு' என்ற விளக்கமும் அத்தகையதே. கொன்றவர் இல்லையெனில், இழப்பீடு கேட்டு மீனவர் யாரிடம் செல்வர்?

செத்த மீன் செய்தியாகிவிடுகிறது. சாகாத மீனின் கதை வேறு. கொச்சிக் கழிமுக வண்டலில் துத்தநாகமும் காட்மியமும் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. காட்மியம் மீனின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சிறிது சிறிதாகச் சேர்வது. அந்த மீன் மிதப்பதில்லை. நீந்துகிறது, முட்டையிடுகிறது, சந்தைக்கும் வருகிறது. 2010இல் கரிமீனை மாநில மீனாக அறிவித்தது கேரளம். அது வாழும் நீரின் வரலாற்றை எழுதுவோர், ஒவ்வொரு மீன் சாவுக்கும் ஓர் எழுவாயைத் தேடித் தர வேண்டும்.