காயடிப்பும் சட்டமும்

ஆரணிப் பக்கம் "காயடிச்சாத்தான் ஏருக்கு அடங்கும்" என்பார்கள். கல்லாலும் கட்டையாலும் விதையை நசுக்கிய காலத்தில் வீக்கம், சீழ், சில வேளை சாவு. பிறகு இத்தாலியின் பர்டிசோ இடுக்கி வந்தது. தோலைக் கிழிக்காமல் உள்ளிருக்கும் நாளத்தையும் ரத்தக்குழாயையும் நசுக்கும். புண் குறைந்தது, வலி போகவில்லை.

1940இன் சென்னை மாகாணக் கால்நடை அபிவிருத்திச் சட்டம், அமலான இடங்களில், எந்தக் காளை இனம் பெருக்கலாம் என்கிற முடிவை உடையவனிடமிருந்து அரசின் கைக்கு மாற்றியது. உரிமம் இல்லாத காளைக்குக் காயடிப்பு. 1960இன் மிருகவதைத் தடுப்புச் சட்டமோ, விதித்த முறைப்படி செய்யும் காயடிப்பை 'வதை'யிலிருந்தே விலக்கிவிட்டது.

எனக்குப் படுவது இதுதான்: எது வதை என்பதை இங்கே தீர்மானித்தது மாட்டின் வலியல்ல, மனுஷனுக்கு ஆகவேண்டிய காரியம். 'காயடிக்கப்பட்ட தலைமுறை' என்று விமர்சனத்தில் சுலபமா எழுதிவிடுகிறோம். அந்த உருவகத்தில் மாடு எங்கே?