புரோகிராமர் வேண்டாம் என்ற எழுபதாண்டு வாக்குறுதி

1954 நவம்பரில், ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் வேலைசெய்த ஒரு சிறு குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஃபோர்ட்ரான் என்ற புதிய மொழியைப் பற்றியது அது. கணித வாய்பாட்டை ஏறக்குறைய வாய்பாடாகவே எழுதிக் கொடுத்தால் போதும், அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய திட்டம். இந்த மொழி வந்துவிட்டால் கோடு (code) எழுதும் வேலையும் பிழை தேடும் வேலையும் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும் என்று அந்த அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றி மேடைக்கு மேடை கேட்கும் பேச்சும் இதுவேதான். நான் 1980களின் கடைசியில் சென்னையில் கோபோல் மொழியில் புரோகிராம் எழுத வேலைக்குச் சேர்ந்தவள். எனக்கு வாய்த்ததில் பெரும்பகுதி, வேறு யாரோ எழுதிவிட்டுப் போன புரோகிராம்களைப் பராமரிக்கும் வேலை. புதிதாக எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் இந்த வேலைக்குக் கிடையாது. ஆனால் ஒரு மென்பொருள் உண்மையில் எப்படி வாழ்கிறது, எங்கே உடைகிறது என்பது இங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்த இடத்திலிருந்து இந்த வாக்குறுதியின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

ஃபோர்ட்ரான் வெற்று விளம்பரம் அல்ல. ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று ஆண்டு போல் இழுத்து, 1957 ஏப்ரலில் ஐ.பி.எம். 704 கணினிக்கு வந்து சேர்ந்தது. முன்பு ஆயிரம் கட்டளை எழுதிய இடத்தில் ஐம்பது வரி போதும் என்றாயிற்று. கையால் எழுதிய கோடுக்கு ஏறத்தாழ ஈடான வேகத்தில் ஓடியது. அந்தக் காலத்தில் ஒரு கணினியை நடத்தும் செலவில் முக்கால் பங்குவரை புரோகிராம் எழுதவும் பிழை திருத்தவும் போய்க்கொண்டிருந்தது. புரோகிராமரின் வேலையைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. அதில் தவறொன்றும் இல்லை.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. எழுதுவது மலிவானதும், மேலும் மேலும் வேலைகள் கணினிக்கு வந்தன. விமான இருக்கைப் பதிவு, வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல், ஏவுகணைப் பாதுகாப்பு என்று புரோகிராம்கள் பெருத்தன, புரோகிராமர்களும் பெருகினார்கள். ஃபோர்ட்ரான் வந்து பதினோரு ஆண்டு கழித்து, 1968 அக்டோபரில், ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. மென்பொருள்கள் காலத்தில் முடிவதில்லை, செலவு எகிறுகிறது, முடிந்தாலும் நம்பி ஓட்ட முடியவில்லை என்பதுதான் அங்கே பெரிய பேச்சு. மென்பொருள் பொறியியல் என்ற துறைக்கு அடையாளம் கிடைத்ததும் அந்த மாநாட்டில்தான்.

கோபோலின் கதையும் இதற்கு நெருக்கமானது. 1959 மே மாதம் பென்டகனில் கூடிய கூட்டத்தில் தொடங்கியது அது. கிரேஸ் ஹாப்பர் அதற்கு முன்பே உருவாக்கியிருந்த ஃப்ளோ-மேட்டிக் மொழி அதற்கு அடித்தளம். சாதாரண ஆங்கில வாக்கியம்போல இருந்தால் வணிகம் தெரிந்த மேலாளர்களே புரோகிராமைப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். ஹாப்பர்மேல் எனக்குத் தீராத மதிப்பு உண்டு. கணினிக்கு மனிதர் இறங்கிப் போகத் தேவையில்லை, கணினி மனிதரிடம் வரட்டும் என்று துணிந்து சொன்ன பெண் அவர். நான் எழுதிய கோபோல் வரிகளை எங்கள் கிளையன்ட் தரப்பு மேலாளர்கள் உண்மையிலேயே வாசித்தார்கள். ‘வரியைத் தொகையோடு கூட்டு’ என்றிருந்தால் யாருக்குத்தான் புரியாது? எந்த வாடிக்கையாளருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எந்த விலக்கு போக என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது. அது அந்த வரியில் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்காக வேலைசெய்தபோது, கெடுவுக்குள் பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகும் என்று ஸ்பெக் என்ற தேவைக் குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த அலுவலகத்தில் நெடுங்காலம் கவுன்ட்டரில் இருந்த மூத்த கிளார்க் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“சார், கெடு நாள் ஞாயித்துக்கிழமையில வந்தா?”

“திங்கக்கிழமை வாங்கிக்குவோம்மா.”

“சர்க்குலர்ல அப்படி இல்லையே சார்.”

“சர்க்குலர்ல எதுக்கும்மா இருக்கணும்? எங்க எல்லாருக்கும் தெரியுமே.”

அதோடு முடியவில்லை. காசோலை திரும்பிவிட்டால் எந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பது, மணியார்டரில் அனுப்பியவருக்கு அனுப்பிய நாளா வந்து சேர்ந்த நாளா, ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு தாமதமாகக் கட்டினால் பாலிசிதாரர் என்ன செய்வார் என்று அன்று மாலைவரை பேசினோம். ஒரு வரி ஸ்பெக் பல பக்கம் ஆயிற்று. அதைக் கோபோலில் எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. என் தொழிலின் நடுநாயகமான வேலை அந்தக் கவுன்ட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் நடந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

1980களில் வாக்குறுதி இன்னும் உரக்க ஒலித்தது. 1981இல் பிரிட்டனில் ‘தி லாஸ்ட் ஒன்’ என்ற பெயரில் ஒரு மென்பொருள் விற்பனைக்கு வந்தது. கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அதுவே பேசிக் மொழியில் புரோகிராம் எழுதித் தரும். இனி யாரும் எழுதவேண்டிய கடைசி புரோகிராம் இது என்பதால் அந்தப் பெயர். அதே காலத்தில் ஜேம்ஸ் மார்ட்டின், புரோகிராமர்கள் இல்லாமலே பயன்பாடுகளை உருவாக்குவது பற்றித் தனி நூலே எழுதினார். 1982இல் ஜப்பான் அரசு ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைப் பத்தாண்டு இலக்கோடு தொடங்கியது. தர்க்க முறையில் தானே யோசிக்கும் கணினிகளில் ஜப்பான் முந்திவிடும் என்ற அச்சத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணத்தைக் கொட்டின. இந்தியாவிலும் 1980களின் நடுவில் அறிவுசார் கணினி அமைப்புகளுக்கென ஓர் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது, அதில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது. ஜப்பானின் திட்டம் 1992 வாக்கில் தன் பெரிய இலக்குகளை எட்டாமலே முடிந்தது.

அந்தக் காலத்தில் உண்மையாக வேலைசெய்து காட்டியது எக்ஸ்கான் என்ற வல்லுநர் அமைப்பு. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் தன் வாக்ஸ் கணினிகளை வாடிக்கையாளர் கேட்ட பாகங்களோடு சேர்த்து அனுப்பும். எந்தப் பெட்டிக்கு எந்தக் கேபிள், எந்த நினைவகத்துக்கு எந்த அட்டை என்பதில் ஒன்று தவறினாலும் இயந்திரம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஓடாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட், இதைச் சரிபார்க்க ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளால் எக்ஸ்கானை உருவாக்கினார். 1980 முதல் அது தொழிற்சாலையில் ஓடியது, ஆண்டுக்குப் பல கோடி டாலரை மிச்சப்படுத்தியதாக மதிப்பிட்டார்கள். ஆனால் சில நூறு விதிகளில் தொடங்கியது பத்தாயிரத்தைத் தாண்டி வளர்ந்தது. ஒவ்வொரு புதிய பாகம் வரும்போதும் பழைய விதிகள் மாறவேண்டும், ஒரு விதியைத் தொட்டால் வேறு எங்கோ ஒன்று பிசகும். அதைப் பேணுவதற்கென்றே நிரந்தரக் குழு ஒன்று தேவைப்பட்டது. வல்லுநரின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது உண்மை. அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புக்காரர்கள் உருவானதும் உண்மை. விளம்பரங்கள் முதல் பாதியைத்தான் சொல்லின. 1987 வாக்கில் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்காகவே செய்த லிஸ்ப் கணினிகளின் சந்தை சரிந்தது.

இதற்கு நடுவில், 1986இல், ஃப்ரெட் புரூக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./360 என்ற மாபெரும் மென்பொருளை உருவாக்கும் வேலைக்குத் தலைமை தாங்கி, அதன் வலி முழுவதையும் பட்டவர் அவர். மென்பொருளின் கடினத்தில் ஒரு பங்கு கருவிகளால் வருவது, அதைக் குறைக்கலாம், குறைத்தும் வந்திருக்கிறோம். இன்னொரு பங்கு நாம் கட்டும் பொருளின் இயல்பிலேயே இருப்பது, எந்தக் கருவியும் அதைத் தொடாது என்றார். அடுத்த பத்தாண்டில் எந்த ஒற்றைக் கருவியும் பத்து மடங்கு முன்னேற்றம் தராது என்று கணித்தார். அதே கட்டுரையில், வல்லுநர் அமைப்புகள் அனுபவமில்லாத இளைஞருக்குச் சிறந்த புரோகிராமர்களின் அனுபவத்தைக் கொண்டுசேர்க்கலாம் என்ற நம்பிக்கையையும் பதிவுசெய்தார். நான் இவ்வளவு நியாயமான கட்டுரையை இந்தத் துறையில் அதிகம் வாசித்ததில்லை.

புரூக்ஸ் சொன்னதன் பொருளை எனக்குக் காட்டியது, 2000ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் செய்த ஒய்2கே வேலை. இரண்டு இலக்கத்தில் எழுதிய ஆண்டுகளைத் தேடித் திருத்தும் தானியங்கிக் கருவிகள் அன்று விற்பனைக்கு வந்தன. இரவோடிரவாக எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்றார்கள். அவை உதவின, இல்லையென்று சொல்லமாட்டேன். 00 முதல் 49 வரை 2000களின் ஆண்டு, 50 முதல் 99 வரை 1900களின் ஆண்டு என்று கருவி பிரித்துக்கொள்ளும். பிரீமியம் தேதிக்கு அது சரி. 1912இல் பிறந்த பாலிசிதாரரின் பிறந்த ஆண்டும் 12 என்றுதானே இருக்கும்? கருவி அவரை இன்னும் பிறக்காதவராக்கிவிடும். இன்னோரிடத்தில் முடிவு ஆண்டு 99 என்றிருந்தது. அது ஆண்டே அல்ல, இந்தப் பாலிசிக்கு முடிவுத் தேதி இல்லை என்பதற்கு எப்போதோ யாரோ வைத்த அடையாளம். அதைக் கண்டுபிடித்தவள் எங்கள் குழுவில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகாத பெண். அவள் கருவி சொன்னதை ஏற்கும் முன் பழைய கோடை வரி வரியாகப் படித்திருந்தாள்.

இனி இன்றைய கதை. 2021இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தது, 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. 2024 பிப்ரவரியில் துபாயில் நடந்த ஒரு மாநாட்டில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், பிள்ளைகள் இனிமேல் புரோகிராமிங் கற்கத் தேவையில்லை என்ற பொருளில் பேசினார். அவர் நிறுவனம் விற்பது இந்த நுண்ணறிவை ஓட்டும் சிப்களை. கடையில் பொருள் வைத்திருப்பவரின் சொல்லை அந்த அளவில் எடைபோட்டுக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

நானும் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறேன். முன்பு வந்த எல்லாவற்றையும்விட இவை பெரியவை என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத மொழியில் எழுதிய கோடை விளக்கச் சொன்னால் நன்றாக விளக்குகிறது. டெஸ்ட் தரவு, சிறு ஸ்கிரிப்ட், ஒரு திரையின் முதல் வடிவம் எல்லாம் நிமிடங்களில் கிடைக்கின்றன. அதே கருவி, உலகத்தில் இல்லாத ஒரு நூலகத்தின் பெயரைச் சொல்லி அதை இறக்கிக்கொள் என்றும் தயக்கமின்றிச் சொல்கிறது. புரியாமல் எழுதியதையும் புரிந்து எழுதியதையும் ஒரே தோரணையில் தருவதால், படித்துப் பார்ப்பவரின் சுமை கூடுகிறது.

2025இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனை நடத்தியது. தாங்கள் நெடுநாள் பராமரித்துவரும் திறமூலத் திட்டங்களில் 16 அனுபவசாலிகள் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏ.ஐ. கருவிகளை அனுமதித்த வேலைகளுக்குச் சராசரியாக 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. முடித்த பிறகும் தங்கள் வேலை 20 சதவீதம் வேகமாக நடந்ததாகவே அவர்கள் நம்பினார்கள். அந்தச் சோதனை சிறியது, கருவிகளும் வேகமாக மாறிவருகின்றன, புதிய இடத்தில் புதிதாக எழுதுகிறவருக்கு முடிவு வேறாக இருக்கலாம். ஆனாலும் வேகமாக இருப்பதாகத் தோன்றுவதும் வேகமாக இருப்பதும் வேறு வேறு என்பதை அளந்து காட்டியதற்காக அந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

இன்றைய கருவியிடம் அந்த ஒரு வரி ஸ்பெக்கைக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியை அதுவே கேட்கக்கூடும். அது நல்லதே. பதில் அந்தக் கவுன்ட்டரில் இருக்கிறது, யாராவது போய் வாங்கி வரவேண்டும். பாலிசி தவறாகக் காலாவதியாகி ஒரு குடும்பம் வந்து நின்றால் பதில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

எனக்குள்ள கவலை, இந்தப் பேச்சை நம்பிப் புதியவர்களை எடுக்காமல் விடுவது பற்றியது. மூத்தவர் ஒருவர் கருவியோடு சேர்ந்து நான்கு பேர் வேலையைச் செய்துவிடுவார் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த மூத்தவர் எங்கிருந்து வந்தார்? யாரோ ஒருவர் அவரை ஃப்ரெஷராக எடுத்து, சம்பளம் கொடுத்து, பழைய கோடைப் படிக்கவைத்ததால் வந்தார். இன்று எடுக்காவிட்டால் பத்து ஆண்டு கழித்து, இன்று கருவி எழுதிக் குவிக்கும் கோடைத் திறந்து பார்த்து இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

ஆகவே குழுத் தலைவர்களாக இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏ.ஐ. கருவியை வாங்குங்கள், பயன்படுத்துங்கள். விற்க வருபவரிடம், ஓராண்டுக்கு மேல் ப்ராடக்‌ஷனில் ஓடும் வேலையைக் காட்டச் சொல்லுங்கள், அதை யார் பராமரிக்கிறார்கள் என்று பெயர் கேளுங்கள். இந்த ஆண்டும் கல்லூரியிலிருந்து பிள்ளைகளை எடுங்கள். எடுத்தவர்களை முதல் மாதத்திலேயே பயனாளிகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மிகப் பழைய புரோகிராம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, வரி வரியாகப் படித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.