புது வில்லை முதல் நாளே முழுதாக இழுக்கலாமா?

போன தவணை முடிய இரண்டு கிழமைக்கு முன்னர் எமது தரம் 8 மாணவர் ஒருவர் வில்லோடு பாடசாலைக்கு வந்தார். குர்ஆன் மத்ரஸாவில் ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களின் அம்பெய்தல் பற்றிக் கேட்டிருக்கிறார். ஆசை பிடித்துவிட்டது. வளவில் நின்ற கொய்யா மரத்தில் ஒரு கிளையை வெட்டி, நைலோன் கயிறு கட்டி, அன்றிரவே வில் தயார். அடுத்த நாள் இடைவேளையில் கூட்டாளிமார் சூழ்ந்து நிற்க, காது வரை ஒரே இழுவை. 'டக்' என்று நடுவிலே முறிந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் முறிந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எம்மிடம் வந்து கேட்டார்: "சேர், அந்தக் காலத்து ஆக்கள்ட வில்லு மட்டும் எப்படி முறியாம இருந்திச்சி?"

"அது நல்ல மரமா இருந்திருக்கும்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். ஆனால் அந்தப் பதில் எமக்கே போதவில்லை. வரலாறு படிப்பிக்கிறோம். அரசர்கள், போர்கள், ஆண்டுகள் எல்லாம் சொல்கிறோம். ஒரு புதிய மரவில்லைக் கையில் எடுத்த மனிதன் முதல் நாள் என்ன செய்தான் என்று ஒரு பிள்ளை கேட்டால் நமக்குப் பதில் தெரியவில்லை.

தேடத் தொடங்கினோம். பதில் கலிபோர்னியாவில், நூறு வருடங்களுக்கு முந்திய ஒரு மனிதரிடம் கிடைத்தது. கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாக வாசியுங்கள்.

1911 ஆகஸ்ட் 29. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓரோவில் என்ற ஊர். ஊர் எல்லையில் இருந்த மாட்டு மடுவத்தின் அருகே ஒரு மனிதர் களைத்துப்போய்க் கிடந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். தலைமுடி ஒட்டக் கருக்கப்பட்டிருந்தது. அது அவர்களது வழக்கப்படி துக்கம் காப்பதன் அடையாளம். அவர் பேசிய மொழி அங்கிருந்த எவருக்கும் விளங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்ப் பொலிஸ் அதிகாரி அவரைச் சிறைக்கூடத்தில் தங்கவைத்தார்.

செய்தி சன்பிரான்சிஸ்கோவுக்குப் போனது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மானிடவியலாளர் வோட்டர்மன் புறப்பட்டு வந்தார். யானா மக்களின் சொற்பட்டியல் ஒன்று அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பார்க்கிறார், பயனில்லை. கடைசியில் கட்டிலின் பலகையைத் தட்டி "சிவினி" என்றார். மஞ்சள் பைன் மரம் என்று அர்த்தம். அந்த மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் கட்டிலைத் தட்டி "சிவினி" என்றார். ஒரு மரத்தின் பெயரில்தான் அந்தப் பேச்சே ஆரம்பமானது.

அவர் யாஹி என்ற சிறிய சமூகத்தின் கடைசி மனிதர். 1848 இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் குவிந்த குடியேறிகள் அந்த மலைகளில் வாழ்ந்த மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். மாநில அரசே இப்படியான படையெடுப்புகளுக்குப் பணம் கொடுத்தது. 1860 களில் நடந்த கொலைகளுக்குப் பிறகு எஞ்சிய ஒரு சிலர் மான் ஓடை எனப்படும் பள்ளத்தாக்கில் நாற்பது வருடங்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

1908 இல் நில அளவையாளர்கள் தற்செயலாக அந்த மறைவிடத்துக்குள் நுழைந்தார்கள். இருந்தவர்கள் ஓடினார்கள். நடக்க முடியாத நோயாளித் தாய் மட்டும் உள்ளே கிடந்தார். வந்தவர்கள் அவரை விட்டுவிட்டு, தோல் போர்வை, கூடை, வில், அம்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஞாபகப் பொருளாக எடுத்துக்கொண்டு போனார்கள். வில் அவர்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமான். அந்தக் குடும்பத்துக்கு அது சாப்பாடு. மூன்று வருடம் கழித்து அந்த மனிதர் தனியாக, பசியோடு ஊருக்குள் வந்தார்.

அவர் தன் பெயரைக் கடைசி வரை சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் மரபில் இல்லை. மானிடவியலாளர் குரோபர் அவருக்கு 'இஷி' என்று பெயர் வைத்தார். யானா மொழியில் 'மனிதன்' என்று பொருள். பல்கலைக்கழக நூதனசாலையிலேயே தங்கி, துப்புரவு உதவியாளராக மாதம் 25 டொலர் சம்பளத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு முன் அம்புமுனை செய்து காட்டினார்.

நூதனசாலைக்குப் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி. அங்கு 1912 இல் சக்ஸ்டன் போப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வேலைக்கு வந்தார். இஷிக்கு வைத்தியர் அவர்தான். வில்வித்தையில் இஷிக்கு மாணவரும் அவர்தான். இங்கேதான் எமது மாணவரின் கேள்விக்குப் பதில் ஆரம்பமாகிறது.

போப் முதலில் கற்றது எய்வதை அல்ல. வில் எப்படி வில்லாகிறது என்பதைக் கற்றார்.

வேட்டை வில்லுக்கு இஷி தெரிந்தெடுத்தது மலைச் சூரை மரம், அதாவது யுனிப்பர். அளவு நாடா கிடையாது. உடம்புதான் அளவு. மரத்தை நெஞ்சுக்குக் குறுக்கே சரிவாகப் பிடிப்பார். ஒரு முனை வலது இடுப்பில், மறுமுனை நீட்டிய இடது கையில். அந்த நீளம்தான் அவருடைய வில். அவருக்கு அது ஏறத்தாழ நான்கு அடி வந்தது. அகலத்துக்கு விரல் கணக்கு. வில்லின் வகைக்கேற்ப மூன்று அல்லது நான்கு விரல்.

பிறகு காத்திருப்பு. மரம் காய வேண்டும். மானின் கால் தசைநாரை வாயில் மென்று மென்மையாக்கி, மீன் தோலைக் காய்ச்சிய பசையால் வில்லின் முதுகில் ஒட்டுவார். அது மறுபடி நாட்கணக்கில் காய வேண்டும். நாணும் தசைநார்தான். மென்று, மெல்லிய இழைகளாக்கி முறுக்கியது.

வில் தயாரானதும் உடனே காட்டுக்கு ஓடவில்லை. நாண் ஏற்றிய வில்லை அம்பால் தட்டிப் பார்ப்பார். நல்ல வில்லின் நாண் இசைபோல ஒலிக்கும் என்பது அவர் கணக்கு. வில்லின் முனையை வாயருகே வைத்து, நாணைத் தட்டித் தட்டி மெல்லிய பாட்டுப்போல வாசிப்பாராம். மனிதனின் முதல் யாழ் இதுவாக இருக்குமோ என்று போப்புக்குத் தோன்றியது.

வில்லை வைத்திருப்பதற்கும் ஒழுங்குகள் இருந்தன. வேலை முடிந்ததும் நாணைக் கழற்ற வேண்டும். நாண் ஏற்றியபடியோ, நிமிர்த்தியோ விட்டால் வில் களைத்து வியர்த்துவிடும் என்பார். படுக்க வைக்க வேண்டும். யாரும் அதைத் தாண்டக் கூடாது. சிறுவர்கள் எடுத்து விளையாடக் கூடாது. குளிர் நாளில் நெருப்பில் சூடு காட்டிய பிறகுதான் நாண் ஏற்ற வேண்டும். ஈரம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. பெண்கள் தொடக் கூடாது என்றும் ஒரு விதி. அது அவர்களது நம்பிக்கை, நமக்குத் தேவையில்லை. மற்ற விதிகளைப் பார்த்தால் அநேகமாக ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது.

வளைந்த வில்லின் வெளிப்பக்கம் இழுபடுகிறது. உட்பக்கம் நசிகிறது. ஈரம் காயாத மரம் நசிந்த இடத்திலேயே வளைந்து நின்றுவிடும், திரும்பி நிமிராது. மணிக்கணக்கில் நாண் ஏற்றி வைத்தால் காய்ந்த மரமும் அப்படித்தான் சோர்ந்துபோகும். இதைத்தான் இஷி 'களைப்பு' என்றார். தசைநாரும் தோல் பசையும் ஈரத்தில் இளகிவிடும். குளிர்ந்து விறைத்த மரம் சட்டென்று வளைத்தால் வெடிக்கும். சிறுவன் அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால், அம்போடு போக வேண்டிய விசை முழுதும் மரத்துக்குள்ளேயே திரும்பி அடிக்கும். பல வில்கள் அப்படித்தான் சாகின்றன.

எமது மாணவருக்கு மிகவும் வேண்டிய பாடம் இன்னொன்று. மரவில் செய்கிறவர்கள் உலகம் முழுதும் செய்வது இது: புது வில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுப்பார்கள். முதலில் ஒரு சாண். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்ப்பார்கள். விறைப்பாக நிற்கும் பக்கத்தைச் சுரண்டுவார்கள். மறுபடி பல தடவை இழுப்பார்கள். பிறகு இன்னும் நாலு விரல் கூட. முழு இழுவைக்கு வரும்போது மரம் பழகியிருக்கும். அப்போதும் முழுதாக இழுத்தபடி பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். முழுதாக இழுத்த வில் பத்தில் ஒன்பது பங்கு முறிந்த வில் என்பது அவர்களுக்குள் வழங்கும் பேச்சு. கொய்யாக் கிளை முறிந்ததற்கு மரம் மட்டும் காரணமில்லை. ஒரே இரவில் வில்லாகி, ஒரே இழுவையில் காது வரை போனதுதான் காரணம்.

எய்யும் விடயத்திலும் இஷியின் வழி வேறு. தூரத்து இலக்குப் பலகையில் அவர் பெரிய வீரர் இல்லை. போப் சீக்கிரமே அவரைத் தாண்டிவிட்டார். ஆனால் காட்டில் கதை வேறு. வேட்டைக்கு முதல் நாள் மீன் சாப்பிடமாட்டார், புகைக்கமாட்டார். விடியற்காலையில் ஓடையில் குளித்து, வாசனை இலைகளால் உடம்பைத் தேய்த்து, வெறும் வயிற்றோடு புறப்படுவார். விரலில் உதட்டை வைத்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல ஒலி எழுப்பி மிருகங்களை அருகே வரவழைப்பார். அநேகமாக 10 முதல் 50 யார் தூரத்துக்குள்தான் எய்வார். மரவில்லின் வலிமை எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். மீதித் தூரத்தைக் காலாலும் பொறுமையாலும் குறைத்தார்.

1914 இல் போப்பும் மானிடவியலாளர்களும் இஷியை அழைத்துக்கொண்டு அதே மான் ஓடைக்குப் போனார்கள். ஒளிந்து வாழ்ந்த இடங்களை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். 1916 மார்ச் 25 இல் காசநோயால் காலமானார். வில்லும் அம்புகளும் அவரோடு பெட்டிக்குள் வைக்கப்பட்டன.

போப் பின்னர் நீண்ட யூ மர வில்லுக்கும் ஆங்கிலேயரின் மூவிரல் முறைக்கும் மாறினார். ஆனால் ஆரம்பப் பாடம் இஷியுடையது. 1923 இல் அவர் எழுதிய வில் வேட்டை நூலைப் படித்துத்தான் அமெரிக்காவில் பலர் மரவில்லைக் கையில் எடுத்தார்கள். இன்றும் அங்கு வில் வேட்டைக்காரர் கழகம் ஒன்று போப்பின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த இடத்தில்தான் நமக்கு மனம் கனத்தது. வில்லின் விதிகள் பிழைத்துக்கொண்டன. அந்த விதிகளை உண்டாக்கிய மக்கள் பிழைக்கவில்லை. இஷி இறந்த பிறகு, உடலை அறுக்க வேண்டாம் என்று குரோபர் கடிதம் எழுதியும், மூளையை எடுத்து வொஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது அவரது உறவு மக்களிடம் திரும்பி வந்தது 2000 ஆம் ஆண்டில். எண்பத்துநான்கு வருடங்கள். வில்லைப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லித் தந்த மனிதருக்கே நிம்மதியாகப் படுக்கக் கிடைக்கவில்லை.

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். இஷி மடுவத்தடியில் கிடந்த அதே 1911 இல்தான் நமது நாட்டு வேடர் மக்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் எழுதிய நூல் கேம்பிரிட்ஜில் வெளியானது. அதற்கு 230 வருடங்களுக்கு முன்னரே, 1681 இல், ரொபர்ட் நொக்ஸ் அவர்களைப் பற்றி எழுதிவிட்டார். வேடர்கள் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் ஓர் இலையை வெட்டி அதனோடு வைத்துவிட்டுப் போவார்களாம். 1983 இல் மதுரு ஓயா தேசிய பூங்கா வந்ததும் அவர்களது வேட்டைக்காடு சட்டத்தால் மூடப்பட்டது. இன்று தம்பானைக்குச் சுற்றுலாப் போகும் நாம் அந்த வில்லோடு நின்று படம் எடுக்கிறோம். இது என்ன மரம், எத்தனை நாள் காய வைப்பீர்கள் என்று கேட்டோமா? நாம் கேட்கவில்லை. இரண்டு தடவை மாணவர்களோடு போயும் கேட்கவில்லை.

இந்தத் தவணை தொடங்கியதும் மேற்சொன்ன கதையை வகுப்பில் சொன்னோம். வில் முறிந்த மாணவர் கடைசி வாங்கில் இருந்து ஒரு சொல்லும் பேசாமல் கேட்டார். அடுத்த கிழமை வந்து சொன்னார்: "சேர், எங்கட மூத்தவாப்பாக்கிட்ட கேட்டன். கோடாலிப் பிடிக்கு வெட்டின கம்ப அடுப்புக்கு மேல பரண்ல போட்டுத்தான் காய வைக்கிறவங்களாம். பச்சக் கம்புல பிடி போட்டா ஒரு மாசத்துல ஆடிப் போயிருமாம். எனக்கும் ஒரு கம்பு வெட்டித் தந்தாரு. இப்ப பரண்லதான் கிடக்கு."

"எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டோம்.

"மூத்தவாப்பா சொல்ற நேரம், சேர்."

அந்த வில் நன்றாக வருமோ தெரியாது. வந்தாலும் வெற்று மைதானத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க மட்டுமே எய்ய வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் பரணில் எதையாவது காயப்போட்ட ஒரு பெரியவர் இருப்பார். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போய் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறோம்.