ஒளியே வலையாகும்போது: செங்குழியத்தைப் பிடித்து இழுக்கும் லேசர்

வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதை மன்னார்க் கரையோரத்தில் அறியாதவர் இல்லை. சிறு தொழிலாளரின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று வடபகுதி மீனவர்கள் நெடுங்காலமாக எதிர்த்துவரும் முறை அது. அங்கே வெளிச்சம் மீனைப் பிடிப்பதில்லை. வெளிச்சத்தை நாடி மீன் தானாக வருகிறது, பிடிப்பது வலைதான்.

நான் இங்கே எழுதுவது ஒளியே வலையாகும் ஒரு முறையைப் பற்றி. உயிரில்லாத, கண்ணில்லாத ஒரு கண்ணாடி மணியைக்கூட அது பிடிக்கும். பிடித்ததை வேண்டிய இடத்துக்கு நகர்த்தும், சுழற்றும். 'ஒளிச் சாவணம்' என்று அதைச் சொல்லலாம். விடத்தல்தீவுக்காரனான எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் மலேரியா. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஒளிக்கும் தள்ளும் வலு உண்டு

ஒளிக்குத் திணிவு இல்லை. ஆனால் உந்தம் உண்டு. வால்வெள்ளியின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நிற்பதைக் கவனித்த கெப்ளர், சூரிய ஒளி அதைத் தள்ளுகிறது என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருதினார்.

அந்த விசை மிகச் சிறியது. நண்பகலில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழும் வெயிலின் வலு ஏறத்தாழ 1000 வாற்று. அது முழுவதும் உறிஞ்சப்பட்டால் நிலத்தின்மீது ஏற்படும் தள்ளுவிசை, ஒரு மில்லிகிராம் பொருளின் நிறையில் மூன்றில் ஒரு பங்குதான். நமக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் நமது குருதியில் ஓடும் செங்குழியம் ஒன்றின் நிறை ஏறத்தாழ ஒரு பிக்கோநியூற்றன், அதாவது ஒரு நியூற்றனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு மில்லிவாற்று லேசர் ஒளி முழுமையாக உறிஞ்சப்பட்டாலே மூன்று பிக்கோநியூற்றன் விசை கிடைக்கும். செங்குழியத்துக்கு இது பெரிய விசை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆதர் ஆஷ்கின் 1970இல் லேசர் ஒளியை நீரில் மிதக்கும் நுண்மணிகள்மீது செலுத்தினார். மணிகள் முன்னோக்கித் தள்ளப்படும் என்பது அவர் எதிர்பார்த்தது. அதோடு, ஓரத்தில் இருந்த மணிகள் ஒளிக்கற்றையின் நடுவுக்கு இழுக்கப்பட்டதையும் கண்டார்.

காரணம் ஒளிமுறிவு. ஒளிபுகும் மணி ஒரு வில்லை போல ஒளியின் திசையை மாற்றுகிறது. திசை மாறினால் உந்தம் மாறும். அதற்கு எதிர்த்திசையில் மணிமீது விசை ஏற்படும். ஒளி கூடிய பக்கத்தின் விசை மற்றப் பக்கத்தை வெல்வதால், மணி அதிக ஒளியுள்ள இடத்துக்கு இழுபடுகிறது. 1986இல் ஆஷ்கினும் அவருடைய சகாக்களும் ஒரே லேசர் கற்றையை நுணுக்குக்காட்டியின் வில்லையால் கூர்மையாகக் குவித்து, அந்தக் குவியத்திலேயே மணியை நிறுத்திவைத்தனர். குவியத்தை நகர்த்தினால் மணியும் கூடவே வந்தது.

அடுத்த ஆண்டில் வைரசையும் பற்றீரியாவையும் பிடித்தார்கள். பச்சை லேசர் பற்றீரியாக்களைக் கொன்றது. அகச்சிவப்பு லேசருக்கு மாறியதும் அவை உயிரோடிருந்தன, பெருகவும் செய்தன. உயிரியல் ஆய்வுக்கு இந்தக் கருவி பயன்பட்டது அதன் பிறகுதான். ஆஷ்கினுக்கு 2018இல் நொபெல் பரிசு கிடைத்தபோது வயது 96.

ஒளிக்கு வடிவம் கொடுத்தல்

எங்கள் பரவைக்கடலில் சிறகுவலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மீனை வழிநடத்தி அடைப்புக்குள் சேர்ப்பது வலை கட்டிய வடிவம். ஒளியிலும் அப்படித்தான். கற்றையின் வடிவத்தை மாற்றினால் பொறியின் குணமும் மாறும்.

உளுந்துவடை போல நடுவில் இருண்ட ஓட்டையுள்ள கற்றை ஒரு வகை. ஒளியை விலக்கும் துகள்கள் வெளிச்சத்தில் நில்லாமல் வழுகிவிடும். அவற்றை அந்த இருண்ட நடுவில் அடைத்துவைக்கலாம். இந்தக் கற்றையில் ஒளியலை திருகாணி போல முறுக்கிச் செல்கிறது. இப்படி முறுக்கிய ஒளிக்குச் சுழற்றும் உந்தம் உண்டு என்பதை 1992இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஆய்வு செய்தவர்கள் எடுத்துக்காட்டினர். 1995இல் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் அந்த ஒளியால் நுண்துகள்களைச் சுழற்றிக் காட்டினர்.

இன்னொன்று பெசெல் கற்றை. குளத்தில் கல் விழுந்ததுபோல வளையம் வளையமாக இருக்கும். வழியில் ஒரு துகள் மறித்தாலும், சற்றுத் தூரத்தில் வெளி வளையங்களின் ஒளி மீண்டும் நடுவில் கூடிக்கொள்ளும். ஆகவே ஒரே கற்றையில், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல துகள்களைப் பிடிக்கலாம்.

பஞ்சரத்தினத்தின் பங்கு

இவ்வாறு ஒளியை வடிவமைக்கும் ஒரு முக்கிய வழி, தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த ஒருவரின் கண்டுபிடிப்பில் நிற்கிறது. சி. வி. இராமனின் மருகர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் 1934இல் கல்கத்தாவில் பிறந்தவர். பெங்களூரில் இராமனின் ஆய்வுகூடத்தில் இருந்தபோது, 1956இல், ஒளியின் முனைவாக்கத்தைப் படிப்படியாக மாற்றி மீண்டும் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும் அலையின் அவத்தையில் ஒரு வித்தியாசம் மிஞ்சும் என்று காட்டினார். அப்போது அவருக்கு வயது 22. 1969இல், ஒக்ஸ்போட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது 35 வயதில் காலமானார்.

பிரித்தானியரான மைக்கேல் பெரி 1984இல் இதே கருத்தைப் பொதுவாக நிறுவியபின், பஞ்சரத்தினத்தின் பழைய கட்டுரையை இந்திய விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். பெரியும் அதை ஏற்றுப் போற்றினார். இன்று திரவப்பளிங்குத் தகடுகளைக் கொண்டு முறுக்கிய ஒளியை உண்டாக்குவோர், பஞ்சரத்தினம்–பெரி அவத்தை என்றே அதைச் சொல்கிறார்கள்.

செங்குழியமும் மலேரியாவும்

தொண்ணூறுகளில் வன்னியில் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு மலேரியாவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. நடுக்கம், காய்ச்சல், விரலில் குத்தி எடுக்கும் இரத்தம், கசப்புக் குளிசை: எல்லாம் எனக்கும் தெரியும். அந்த நோய் குருதிக்குள் என்ன செய்கிறது என்பதை ஒளிச் சாவணம் விளக்கியது.

செங்குழியத்தின் விட்டம் ஏறத்தாழ 8 மைக்கிரோமீற்றர். தன்னைவிட ஒடுங்கிய மயிர்த்துளைக் குழாய்களில் அது வளைந்து நெளிந்து நுழைய வேண்டும். சென்னை ஐ.ஐ.டியில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டியில் பேராசிரியராக இருந்த சுப்ரா சுரேஷ் தமது குழுவினருடன் செங்குழியத்தின் இரு பக்கமும் நுண்மணிகளை ஒட்டி, ஒன்றை லேசரால் பிடித்து இழுத்துப் பார்த்தார். மலேரியா ஒட்டுண்ணி முற்றிய குழியங்கள் நல்ல குழியங்களைவிடப் பத்து மடங்கு வரை விறைப்பாக இருக்கும் என்று 2005இல் அவர்கள் வெளியிட்டனர். விறைத்த குழியம் நுண்குழாயில் சிக்கும். குழாயின் சுவரில் ஒட்டியும் கொள்ளும். மூளைக்கு இரத்தம் குறைவது இப்படித்தான்.

மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினர் 2004இல் மற்றொன்றைக் கண்டனர். நேர்கோட்டில் முனைவாக்கிய ஒளியில் பிடிபட்ட நல்ல செங்குழியம் சுழலவில்லை. மலேரியா தொற்றியது சுழன்றது.

மன்னாரும் ஒரு நுளம்பும்

2012 ஒக்ரோபருக்குப் பின் இலங்கைக்குள் தொற்றிய மலேரியா நோயாளர் இல்லாததால், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு இலங்கையில் முதன்முறையாகக் காணப்பட்டது. காணப்பட்ட இடம் மன்னார்த் தீவு. கிணறு, தண்ணீர்த் தொட்டி போன்ற நல்ல நீரிலேயே அது பெருகும்.

ஒளிச் சாவணம் நமது ஆஸ்பத்திரிகளில் வைக்கும் கருவி அல்ல, ஆய்வுகூடத்துக்கு உரியது. மலேரியாவைக் கண்டறிய இன்றும் இரத்தப் பூச்சும் நுணுக்குக்காட்டியுமே போதும். வெளிநாடு போய்வந்தபின் காய்ச்சல் வந்தால், போன நாட்டைச் சொல்லி மலேரியாவுக்கும் இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். கிணற்றுக்கும் தொட்டிக்கும் வலை மூடி போடுங்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், உந்தக்காப்பும் ஒளிமுறிவும் பரீட்சைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையும் சொல்லுங்கள். இந்தக் கருவி முழுவதும் அந்த இரண்டு பாடங்களில்தான் தங்கியிருக்கிறது.