கொடைக்கானல் ஏரி: யார் காலில் மலை ஏறினார்கள்?



முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வீடுகளில் எல்லாம் இப்போது ஒரே கேள்விதான்: "லீவுக்கு எங்கே போகலாம்?" எங்கள் வீட்டில் நான்கு நாள் கொடைக்கானல் என்று முடிவாகிவிட்டது. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நாங்கள் இருவர். திட்டம் போடும் பொறுப்பு என் தலையில். இடைநிலை ஆசிரியனாகக் காலம் தள்ளியவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் வரலாற்றிலிருந்துதான் தொடங்குவான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பயணத் திட்டம் கடைசியில் இருக்கிறது.

"கொடைக்கானலை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. புறநானூற்றிலேயே கோடை மலையின் தலைவன் ஒருவன் வருகிறான். கடிய நெடுவேட்டுவன் என்பது அவன் பெயர். தாண்டிக்குடிப் பக்கம் போனால் பழங்காலத்துக் கற்திட்டைகளை இன்றும் பார்க்கலாம். பளியர்கள் இந்த மலையின் பூர்வகுடிகள். தேனும் கிழங்கும் எடுத்து, காட்டை அறிந்து வாழ்ந்தவர்கள். ஆகவே 1821இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி நில அளவைக்காக மேலே வந்தபோது அது ஆளில்லாத மலையாக இருக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் இங்கே தங்க வந்தது முதலில் உல்லாசத்துக்காக அல்ல, உயிர் பிழைக்க. மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷன் பாதிரிமார் குடும்பங்களில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலர் பலியானார்கள். குளிர்ந்த இடம் தேடி வந்து 1845இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் ஊரின் தொடக்கம் அதுதான்.

அப்போது ஏரி கிடையாது! பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது நம்பவே இல்லை. ஓடைகள் ஓடிய ஒரு சதுப்புப் பள்ளம்தான் இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அதற்குக் குறுக்கே கரை கட்டி நீரைத் தேக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர். பள்ளத்தின் கிளைகளிலெல்லாம் நீர் ஏறியதால் நட்சத்திர வடிவம் வந்தது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். 1890இல் படகுக் குழாம் ஏற்பட்டது. ஊட்டி ஏரியும் இப்படித்தான். கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் கரை கட்டி உண்டாக்கியது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். சாலை கிடையாது. இந்த மனிதர்கள் எப்படி மேலே போனார்கள்?

1875ஐ ஒட்டி ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்தான் அது. அங்கிருந்து மாட்டு வண்டியில் வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் பக்கம் மலையடிவாரம். பிறகு செங்குத்தான ஒரு மலைப்பாதை. சிலர் குதிரையில் போனார்கள், சிலர் நடந்தார்கள். துரைசானிகளையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துச் சுமந்தவர்கள் நம் ஆட்கள். பெட்டி படுக்கை, சமையல் பாத்திரம், கண்ணாடிச் சன்னல் எல்லாம் ஏறியது மனிதத் தோளிலும் தலையிலும்தான். அந்தப் பாதைக்கே ஆங்கிலத்தில் 'கூலி காட்' என்று பெயர் வந்துவிட்டது. ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் மூச்சு வாங்கினார்.

மேஜர் லா என்பவர் 1870களில் தொடங்கிய மலைச்சாலை முழுதாக முடிய 1914 ஆயிற்று. இன்று நாம் பேருந்தில் போகும் வத்தலக்குண்டு சாலைக்கு 'லாஸ் காட்' என்ற பெயர் அவரால் வந்தது. பாறையை உடைத்துச் சாலை போட்டவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஏரி என்றால் லெவிஞ்ச், நடைபாதை என்றால் கோக்கர், பூங்கா என்றால் பிரயண்ட். மண் சுமந்து ஏரிக்கரையை உயர்த்தியவர்களில் ஒருவர் பெயரை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

லெவிஞ்சைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அந்த ஊரை நேசித்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கியவர். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் அது வரலாறு ஆகாது.

அதனால் எங்கள் பயணத்துக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: முடிந்தவரை சொந்தக் காலில்.

முதல் நாள்: அரசுப் பேருந்தில் போகிறோம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். நெரிசல் தாங்காமல் உயர்நீதிமன்றமே தலையிட்டது. 2025இல் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். போகும் வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லோரும் படம் எடுப்பார்கள். அங்கே விழுவது ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர். மேலே நாம் ஏரியில் எறியும் குப்பை எங்கே போகும் என்று பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே பாடம் நடத்திவிடலாம்.

இரண்டாம் நாள்: விடிந்ததும் ஏரியைச் சுற்றி நடை. சுமார் 5 கிலோமீட்டர். பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், பிள்ளைகள் சைக்கிளில் வரட்டும். மாலையில் துடுப்புப் படகு. துடுப்பைப் பேரன்தான் போட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள்: 1872இல் அமைத்த கோக்கர் நடைபாதை, அடுத்து பிரயண்ட் பூங்கா. மதியத்துக்கு மேல் சூரிய ஆய்வகம். 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்தது இங்கேதான்.

நான்காம் நாள்: பேரிஜம் ஏரி. இதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் பூம்பாறை போய்க் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு, மலைப்பூண்டு வாங்கி வரலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய மலைப்பாதையில் இறங்கலாம் என்று இளைஞர்கள் ஆசைப்படலாம். அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிள்ளைகளை மறக்க முடியுமா?

இன்னொன்று. ஏரிக்கரையில் குதிரை ஓட்டுபவரிடமும் சோளம் சுடும் அம்மாவிடமும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். நம் ஓய்வு இன்றும் யாரோ ஒருவர் உழைப்பில்தான் நடக்கிறது.

பெரியகுளம், வத்தலக்குண்டுப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டன், பூட்டன் யாராவது அந்த மலைப்பாதையில் டோலி தூக்கியதாகவோ, சுமை எடுத்ததாகவோ வீட்டில் பேச்சு இருந்தால், அவர்கள் பெயரைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். என் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கிறேன். ஏரியைச் சுற்றி நடக்கும்போது பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைப் படித்துக் காட்ட வேண்டும்.