பேறு பெற்றவள்

ஓரிக்கை என்ற பெயருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். திருமழிசையாழ்வாருக்குப் பணிவிடை செய்த ஒரு கிழவி, அவர் அருளால் இளமை திரும்பப் பெறுகிறாள். அவள் அழகில் மயங்கிய பல்லவ அரசன் அவளை மணந்துகொள்கிறான். பிறகு தனக்கும் அந்த இளமை வேண்டும் என்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணரை நெருக்குகிறான். அவர் இணங்காததால் நாடு கடத்துகிறான். சீடரோடு ஆழ்வாரும், ஆழ்வாரோடு திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஓர் இரவு அவர்கள் தங்கிய இருக்கை ஓரிக்கை ஆயிற்று. சீடருக்குப் பெயர் இருக்கிறது. பெருமாளுக்குச் 'சொன்ன வண்ணம் செய்தவர்' என்ற பட்டம் கிடைத்தது. கிழவி கடைசிவரை கிழவிதான். வரம் பெற்றவள் அவள். அந்த வரம் அவளை அந்தப்புரத்தில் கொண்டுபோய் விட்டதும் கதை அவளை விட்டு நகர்ந்துவிடுகிறது.

பெண்ணுக்குக் கிடைக்கும் ஆசி ஏன் எப்போதும் அவள் உடம்பின் மேலேயே இறங்குகிறது? இளமை, தாலி, பிள்ளை. இந்தக் கேள்வியோடுதான் நான் தமிழ் விவிலியத்தின் சொற்களுக்குள் போனேன்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், கருவுற்ற மரியாளைக் கருவுற்ற எலிசபெத் வாழ்த்துகிறாள். அங்கே கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று 'யூலோகெயோ', பிரித்தால் 'நன்றாகச் சொல்லுதல்', நம் வாழ்த்து. மற்றது 'மகாரியோஸ்', பழைய கிரேக்கத்தில் கவலையற்ற தேவர்களைக் குறித்த சொல். மரியாளின் வயிற்றுப் பிள்ளையைச் சொல்லும் இடத்தில் முதல் சொல் வருகிறது. அவள் நம்பினாள் என்பதைச் சொல்லும் இடத்தில் இரண்டாவது வருகிறது. இந்த நுட்பம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கருப்பைக்கு வாழ்த்து, அவள் எடுத்த முடிவுக்கு, தேவர்களுக்கு உரிய சொல்.

தரங்கம்பாடியில் 1714-15இல் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பின்னால் பல திருத்தங்கள் வந்தன. 1871இல் வெளியான பவர் மொழிபெயர்ப்பின் வழியில் சீர்திருத்தச் சபைகள் இன்றும் படிக்கும் விவிலியத்தில் மரியாள் 'பாக்கியவதி'. மலைப்பொழிவில் ஏழைகளும் துயரப்படுகிறவர்களும் 'பாக்கியவான்கள்'. கிரேக்கத்திலும் அது ஆண்பாற் பன்மைதான், பொதுவாக எல்லாரையும் சுட்டுவது. ஆனால் தமிழ்க் காதில் 'வான்' என்பது ஆணாகவே ஒலிக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அதைப் 'பேறுபெற்றோர்' என்று மாற்றியது. பலர்பால் விகுதி, பெண்ணும் உள்ளே வந்துவிட்டாள். ஆரவாரமில்லாமல் நடந்த நல்ல காரியம்.

ஆனால் பேறு என்றால்? மகப்பேறு, பிள்ளைப்பேறு. அரசு மருத்துவமனைப் பலகையிலும் அதே சொல். குறளின் ஏழாம் அதிகாரத்தை 'மக்கட்பேறு' என்று நாம் அறிவோம். பரிமேலழகரோ அதற்குப் 'புதல்வரைப் பெறுதல்' என்று தலைப்பிட்டார். அதன் முதல் குறளில் வரும் மக்கள் என்ற சொல், அறிவு அங்கே பேசப்படுவதால், பெண்ணை விலக்கி நிற்கிறது என்றும் உரை எழுதினார். பெறுவது பெண், பேறாவது ஆண்பிள்ளை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு சிரிப்பு எழும். சில முகங்கள் மட்டும் சிரிக்காது.

விவிலியமும் இதற்கு வெளியே நிற்கவில்லை. திருமணத்தில் வாசிக்கும் 128ஆம் சங்கீதத்தில் பேறு பெற்றவன் கணவன். மனைவி அவன் வீட்டில் படரும் திராட்சைக்கொடி, பிள்ளைகள் பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகள். அவள் அவனுடைய ஆசியின் ஒரு பகுதி.

லூக்காவின் 11ஆம் அதிகாரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் எழுப்புகிறாள்: இயேசுவைச் சுமந்த வயிறும் பாலூட்டிய முலைகளும் பேறு பெற்றவை என்கிறாள். அவளுக்கும் பெயரில்லை. இயேசு அதைத் திருப்புகிறார். இறைவார்த்தையைக் கேட்டு நடப்போரே பேறு பெற்றோர் என்கிறார். பிள்ளை பெறாத பெண்ணுக்கு இது ஒரு கதவு. ஆனாலும் அந்த வயிற்றின் உழைப்பை இத்தனை விரைவாகக் கடந்துபோக வேண்டுமா என்று எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 23ஆம் அதிகாரத்தில், சிலுவைப் பாதையில், அழும் பெண்களிடம், மலடிகளைப் பேறு பெற்றோர் என்று சொல்லும் நாள் வரும் என்கிறார். அதைச் சிலர் போற்றுதலாகப் படிக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வரப்போகும் அழிவின் கொடுமையைச் சொல்லும் பேச்சு அது.

வரலாற்றில் இச்சொல்லை வாழ்ந்து பார்த்தவராகப் பண்டித ரமாபாயைச் சொல்வேன். 1882இல் கணவரை இழந்தார். கையில் குழந்தை. 1883இல் இங்கிலாந்தில் கிறித்தவரானார். 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்காக சாரதா சதன் தொடங்கினார். பின்னாளில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். ஊர் அமங்கலி என்று ஒதுக்கியவளின் கையில் ஆசியின் மூலச்சொற்கள் இருந்தன. அவருக்குச் சபையும் எளிதாக இருக்கவில்லை. கோட்பாடுகளை அப்படியே ஏற்க மறுத்து இங்கிலாந்துக் கன்னியரோடு கடிதங்களில் வாதிட்டவர் அவர்.

ஓரிக்கைப் பக்கத் தறி வீடுகளில் பட்டு இழைப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் கைம்பெண்களும் உண்டு. அவர்கள் இழைத்த நூலில் நெய்த முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்து ஆசீர்வதித்துக் கொடுக்கும்போது அவர்களைக் கூப்பிடுவதில்லை. ஞாயிறுதோறும் மலைப்பொழிவைக் கேட்கும் கிறித்தவ வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். துயரப்படுகிறவர்கள் பேறு பெற்றோர் என்று கோயிலில் வாசித்தவர், கல்யாண வீட்டில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.